பின்வரிசை நாற்காலிகள்: உடல் என்னும் அமானிதமும் நாம் சொல்லும் சாக்குகளும்





வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சலாம் கொடுத்தபின், பள்ளிவாசலின் பின்பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நம் சிறு வயதில் அங்கே ஒன்றோ இரண்டோ நாற்காலிகள் கிடந்தன. தள்ளாத வயதினர் சிலர் அவற்றில் அமர்ந்து தொழுதனர். இன்று ஒரு வரிசையே நாற்காலிகளால் நிறைந்திருக்கிறது. அவற்றில் அமர்ந்திருப்போர் அனைவரும் எண்பதைக் கடந்தவர்கள் அல்லர். பட்டுக்கடையில் நாளெல்லாம் கால் மடக்கி அமர்ந்து சேலை விரித்துக் காட்டும் நாற்பத்தைந்து வயதுக்காரரும் அங்கே இருக்கிறார்.

நாற்காலியில் அமர்ந்து தொழுபவரை நாம் குறை கூறவில்லை. அதற்கு எவருக்கும் உரிமை இல்லை. நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுமாறும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சலுகை அல்லாஹ்வின் அருள். நாம் கேட்பது வேறு கேள்வி. நாற்பத்தைந்து வயதிலேயே அந்தச் சலுகை தேவைப்படும் நிலைக்கு ஒரு சமுதாயம் ஏன் வந்து சேர்ந்தது? அந்த முழங்காலையும் அந்த முதுகையும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே காப்பாற்றியிருக்க முடியாதா?

சில மாதங்களுக்கு முன் இஷாவுக்குப் பின் நடந்த ஓர் ஆலோசனைக் கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்பினோம். மத்ரஸாக் கூடம் பகலில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அங்கே வாரத்தில் மூன்று நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே, பெண்களுக்கும் முதியோருக்கும் பிலாட்டீஸ் பயிற்சி நடத்தலாமே என்று கேட்டோம். ஒருவர் சிரித்தார். ஒருவர் கோபித்தார். ஒருவர் மார்க்கத்தைத் துணைக்கு அழைத்தார். முடிவில் 'பிறகு பார்க்கலாம்' என்று கலைந்தனர். அன்று கேட்ட மறுப்புகள் நம் வீடுகளிலும் நாள்தோறும் கேட்பவைதாம். ஆகவே அவற்றுக்கு இங்கே ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறோம்.

பிலாட்டீஸ் என்பது என்ன?

பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குக் கைப்பேசியில் வரும் நடிகையரின் படங்களே நினைவுக்கு வருகின்றன. பளபளக்கும் கண்ணாடி அறை, விலையுயர்ந்த கருவி, இறுக்கமான உடை. இதன் பிறப்பிடம் அதற்கு நேர் மாறானது.

ஜோசப் பிலாட்டீஸ் என்பவர் 1883-இல் ஜெர்மனியின் மன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்தார். ஆஸ்துமாவாலும் எலும்பு மென்மை நோயாலும் வாடிய நோஞ்சான் பிள்ளை. தம் உடலைத் தாமே தேற்றிக்கொள்ளப் பலவகைப் பயிற்சிகளைக் கற்றார். முதல் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்த அவரை, எதிரி நாட்டவர் என்பதால் பிரிட்டிஷ் அரசு தடுப்பு முகாமில் அடைத்தது. மேன் தீவின் முகாமில், சக கைதிகளோடு, கருவி ஏதுமின்றித் தரையில் செய்யத்தக்க பயிற்சிகளை அவர் வளர்த்தெடுத்தார். 1926-ஐ ஒட்டி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் அமைத்தார். 1967-இல் இறந்தார். தம் முறைக்கு அவர் இட்ட பெயர் 'கன்ட்ராலஜி', அதாவது கட்டுப்பாட்டுக் கலை. அவருடைய பெயராலேயே அம்முறை வழங்குவது பிற்கால வழக்கம்.

பயிற்சியின் சாரம் எளிது. நம் வயிற்றைச் சுற்றி அரைக்கச்சை கட்டியதுபோல் ஓர் ஆழ்தசை இருக்கிறது. முதுகெலும்பை ஒட்டிச் சிறு தசைகள் இருக்கின்றன. இடுப்புக்குள் அடித்தளமாக ஒரு தசைப்படுகை இருக்கிறது. மேலே மூச்சுக்குரிய உதரவிதானம். இந்நான்கும் சேர்ந்து நடுவுடலைத் தாங்குகின்றன. நாளெல்லாம் அமர்ந்தே இருப்பவருக்கு இவை தளர்ந்துவிடுகின்றன. அவை சுமக்கவேண்டிய பாரத்தை மூட்டுகளும் தசைநார்களும் சுமக்கின்றன, வலி தொடங்குகிறது. மூச்சோடு இணைத்து, மெதுவாக, எண்ணிக்கையைவிடச் செம்மையைக் கருதி, இத்தசைகளை எழுப்புவதே பிலாட்டீஸ். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்திப் பாலம்போல் நிறுத்துவது ஒரு பயிற்சி. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்புறக் காலையும் நீட்டிச் சமநிலையில் நிற்பது மற்றொன்று. இதற்கு ஒரு பாயும் சிறிது இடமும் போதும்.

முதல் மறுப்பு: 'தொழுகையே உடற்பயிற்சிதானே?'

நாம் அதிகம் கேட்கும் மறுப்பு இதுவே. சொல்பவரின் உள்ளத்தில் தொழுகையின்மீது அன்பு இருக்கிறது. கருத்து மட்டும் பிழையானது.

தொழுகை அல்லாஹ்வுக்கு அடியான் செலுத்தும் வணக்கம். முழங்காலுக்கு நல்லது, இரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று அதை விளம்பரம் செய்வது தொழுகையை உயர்த்தாது. வணக்கத்தை மருந்துக் குறிப்பாக்கிவிடும். நாளை வேறொரு பயிற்சி அதைவிட முழங்காலுக்கு நல்லது என்று ஒருவர் நிறுவினால், இந்த வாதத்தைக் கற்ற பிள்ளை என்ன நினைப்பான்?

ருகூவிலும் ஸஜ்தாவிலும் உடல் வளைந்து நிமிர்வதால் நன்மை விளையலாம். அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் ஐந்து வேளை ஃபர்ளில் 17 ரக்அத், 34 ஸஜ்தா. அவற்றை முறையாக நிறைவேற்றுவதற்கே ஓரளவு வலிமையும் வளைவும் கொண்ட உடல் தேவை. அந்த உடலைப் பேணுவதற்குத் தொழுகைக்கு வெளியே நாம் உழைக்கவேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். இரு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். 65-ஐக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலைப் பயிற்சியும் சேர்க்க வேண்டும். தொழுகையைக் கணக்குக் காட்டி இதிலிருந்து விலக்குப் பெற முடியாது.

தொழுகையைக் கற்றுத்தந்த தூதர் (ஸல்) அவர்களே நடந்தார்கள், குதிரையேறினார்கள், அகழ் தோண்டுகையில் மண் சுமந்தார்கள். இடைவிடாது நோன்பு நோற்று இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம், உம் உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று உணர்த்தினார்கள். வலிமையுள்ள நம்பிக்கையாளர் பலவீனமான நம்பிக்கையாளரைவிட அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என்றும், இருவரிடத்திலும் நன்மை உண்டு என்றும் அவர்கள் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்த வலிமை ஈமானின் வலிமை என்று விளக்கிய அறிஞர்கள் உண்டு. எனினும் சோம்பலிலிருந்தும் இயலாமையிலிருந்தும் பாதுகாவல் தேடும் துஆவையும் நபியவர்களே கற்றுத்தந்தார்கள். அந்த துஆவைக் காலையும் மாலையும் ஓதிவிட்டுச் சாய்வு நாற்காலியில் சரிவது என்ன நியாயம்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவேண்டும் என்பது நாம் அறிந்த பாடம்தானே?

இரண்டாம் மறுப்பு: 'உழைத்துச் சாப்பிடுபவனுக்குப் பயிற்சி எதற்கு?'

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இவ்வாறு கேட்பது விந்தையிலும் விந்தை. உழைப்பு உடலை என்ன செய்கிறது என்பதற்கு இந்த ஊரைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

பட்டுத்தறியின் முன் சிறிது நேரம் நின்று பாருங்கள். நெசவாளர் குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மாறி மாறி அழுத்துகிறார். ஊடை இழை சுமந்து நாடா இப்புறமும் அப்புறமும் ஓடுகிறது. உடல் முன்னோக்கிக் குனிந்தே இருக்கிறது. கண்கள் இழையைவிட்டு அகல்வதில்லை. ஒரு சேலை முடிய இரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அத்தனை நாளும் அதே இருக்கை, அதே குனிவு. அருகே தார் சுற்றும் பெண்மணியின் தோளும் மணிக்கட்டும் ஒரே அசைவையே ஆயிரம் முறை செய்கின்றன. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை நெய்தவரின் முதுகைப் பற்றி யார் கேட்டார்?

தறியில் அமர்பவர் எச்சமயத்தவராயினும் முதுகு ஒன்றே. நம்மவர் பலர் கடை, கல்லா, ஓட்டுநர் இருக்கை, தையல் இயந்திரம், சமையற்கட்டு என்று வேறு தொழில்களில் இருக்கின்றனர். அங்கும் இதே கதைதான். வேலை என்பது உடலின் சில தசைகளையே ஓயாமல் வேலை வாங்குகிறது, மற்றவற்றைத் தூங்கவிடுகிறது. குனிந்தவர் குனிந்தே இருக்கிறார். பின்னுக்கு வளைய அவருக்கு நேரம் வாய்ப்பதில்லை. வலித்தாலும் நிறுத்த முடியாது, ஏனெனில் கூலி நின்றுவிடும். பயிற்சியில் அளவு உண்டு, ஓய்வு உண்டு, எதிர்த்திசை அசைவும் உண்டு. எந்தத் தசையை வேலை மறந்ததோ அதைத் தேடிப்போய் எழுப்புவதே பயிற்சி. ஆகவே உழைப்பவருக்குப் பயிற்சி வேண்டாம் என்பது உண்மையைத் தலைகீழாக்கும் பேச்சு. அவருக்குத்தான் அது முதலில் வேண்டும். தறிவிட்டு எழுந்ததும் பத்து நிமிடம், கடை அடைத்ததும் பத்து நிமிடம் பாயில் படுத்து முதுகை விரிக்கக் கற்றுக்கொடுத்தால், அவருடைய உழைக்கும் ஆண்டுகள் கூடலாம்.

மூன்றாம் மறுப்பு: 'பெண்களுக்கு வீட்டுவேலை போதாதா?'

இம்மறுப்பைச் சொன்னவர் கோபத்தோடு சொன்னார். நாமும் சற்றுக் கடுமையாகவே பதில் சொல்கிறோம்.

இவ்வூரில் அதிகாலையில் நடந்து பாருங்கள். பெரிய காஞ்சியில் ஏகாம்பரநாதர் கோயிலிலும் சின்னக் காஞ்சியில் வரதராசப் பெருமாள் கோயிலிலும் அகன்ற பிராகாரங்கள் உள்ளன. நம் அண்டைவீட்டுப் பாட்டிமார் அங்கே வலம் வருகின்றனர். அது அவர்களுடைய வழிபாடு, நமக்குரியதன்று. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். வெளியே வந்து கூச்சமின்றி நடப்பதற்கு அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. ஒலிமுகமதுபேட்டையிலோ நம் பிற மஹல்லாக்களிலோ வாழும் ஒரு நன்னிக்கு அப்படி நடக்க எந்த இடத்தை நாம் ஏற்படுத்தி வைத்திருக்கிறோம்? பூங்காவுக்குப் போக வேண்டாம் என்கிறோம், தெருவில் நடக்க வேண்டாம் என்கிறோம், பள்ளிவாசலிலும் இடமில்லை என்கிறோம். பிறகு அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று வியக்கிறோம்.

வியப்பதற்கு என்ன இருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான மற்றோர் ஆய்வின்படி, 2022-இல் இந்திய ஆண்களில் 42 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் போதிய உடலியக்கம் இல்லை. வீட்டுவேலை செய்யாத பெண்களா அந்த 57 விழுக்காட்டினர்? அடுப்படியில் நிற்பது அலுப்பைத் தரும். அதனால் மட்டும் எலும்பும் இதயமும் வலுப்பெற்றுவிடா.

பேசக் கூச்சப்படும் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று பிள்ளை பெற்ற தாய்மார் பலருக்கு இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறது. இடுப்பின் அடித்தளத் தசை தளர்ந்ததே பெரும்பாலும் காரணம். கணவரிடம் சொல்ல வெட்கம், மருத்துவரிடம் சொல்ல வெட்கம். ஒவ்வொரு தொழுகைக்கும் உளூ முறிந்ததோ என்ற ஐயம். தராவீஹுக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்கள் இருக்கின்றனர். இடுப்பின் அடித்தளத் தசைகளுக்கான பயிற்சியே இதற்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைக்கும் சிகிச்சை. பிலாட்டீஸ் முறையில் மூச்சோடு சேர்ந்து அத்தசைகளும் இயங்குகின்றன. ஒரு பெண்ணின் வணக்கத்தில் புகுந்த அந்த ஐயத்தைத் தீர்க்க ஒரு பாயும் ஒரு பெண் பயிற்சியாளரும் உதவக்கூடும். அதை நாம் ஆபாசம் என்று ஒதுக்குகிறோம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. முதன்முறை அன்னையார் முந்தினார்கள். பின்னாளில் உடல் சற்றுப் பருத்தபின் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள்; இது முன்னதற்கு ஈடு என்று அன்போடு சொன்னார்கள். நம் வீட்டில் மனைவி உடல் பருத்தால் கேலி செய்கிறோம். அவளோடு சேர்ந்து ஓடியவர் நம்மில் எத்தனை பேர்?

உடையைப் பற்றிய கவலை நியாயமானது. அதற்கு விடையும் எளிது. பெண்கள் மட்டும் கூடும் கூடம், பெண் பயிற்சியாளர், தளர்வான உடை, கைப்பேசிக்குத் தடை. பர்தா பேணலாம், பயிற்சியும் செய்யலாம். விளம்பரப் படத்தில் ஒருத்தி உடுத்திய உடைக்காக அசைவையே ஹராமாக்குவது என்ன தர்க்கம்?

நான்காம் மறுப்பு: 'வயதாகிவிட்டது, இனி எதற்கு?'

முதியோர் சொல்லும்போது இச்சொல் நெஞ்சைத் தொடுகிறது. பிள்ளைகளும் அதையே சொல்லும்போது அது வேறு பொருள் தருகிறது: அத்தா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் நமக்கு வேலை குறைவு.

1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில், சராசரியாக 90 வயதான 10 பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளித்தனர். நிறைவு செய்தவர்களின் கால் வலிமை இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது, நடையும் தேறியது. அது பிலாட்டீஸ் பயிற்சி அன்று. ஆனால் தசை எவ்வயதிலும் பயிற்சிக்கு இணங்கும் என்பதை அது காட்டிவிட்டது. வழுக்கும் குளியலறையில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதற்குப்பின் பல முதியோர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. விழாமல் இருப்பதற்குச் சமநிலையும் கால் வலிமையும் வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்துவது, நாற்காலியில் அமர்ந்து கைகளை ஊன்றாமல் எழுவது ஆகியன எழுபது வயதிலும் தொடங்கத்தக்கவை. நாற்காலியில் தொழுபவர் அந்த நாற்காலியையே பயிற்சிக் கருவியாக்கலாம். இன்ஷா அல்லாஹ், சிலர் மீண்டும் ஸஃப்பில் வந்து நிற்கவும் கூடும்.

சிறுவரையும் மறக்கலாகாது. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது முன்சொன்ன வழிகாட்டுதல். நம் பிள்ளையின் நாளைப் பாருங்கள். காலையில் மக்தப், பிறகு பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், இரவில் கைப்பேசி. ரெஹாலின்மேல் குனிந்தவன் மேசைமேல் குனிகிறான், பிறகு திரையின்மேல் குனிகிறான். மக்தபில் பாடங்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, தோள்களைப் பின்னுக்கு இழுத்து மூச்சுவிடப் பழக்கினால் குர்ஆன் ஓதலுக்குக் குறைவு வராது. ஓதலின் மூச்சு நீளத்தான் செய்யும்.

ஐந்தாம் மறுப்பு: 'இது பிறருடைய மதச் சடங்கு அல்லவா? பணக்காரர் விளையாட்டு அல்லவா?'

யோகாவைப் பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் இங்கே நாம் நுழையவில்லை. பிலாட்டீஸில் மந்திரம் இல்லை, சூரியனுக்கு வணக்கம் இல்லை, எவரையும் நோக்கிக் கும்பிடும் நிலை இல்லை. தசை, மூச்சு, எலும்பு இவை மட்டுமே. பெயர் அயலாருடையது என்பது காரணமாகுமானால், நாம் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் பெயர் யாருடையது?

பணத்தைப் பொறுத்தவரை, பெருநகரக் கூடங்களில் ஸ்பிரிங் பொருத்திய கருவிகளுக்குப் பெருந்தொகை வாங்குகிறார்கள் என்பது உண்மை. அந்த வணிகத்தை நாமும் கண்டிக்கிறோம். தடுப்பு முகாமில் கைதிகள் தரையில் செய்ததை இன்று செல்வர்களின் அடையாளமாக விற்கிறார்கள். அதற்காக ஏழை அதைக் கைவிட வேண்டுமா, அல்லது பாயை விரித்துத் தன் பங்கை மீட்க வேண்டுமா?

மிகையும் வேண்டாம்

மறுப்பவர்களைக் கண்டித்த நாம், போற்றுபவர்களின் மிகையையும் சொல்லிவிட வேண்டும். பிலாட்டீஸ் சர்வரோக நிவாரணி அன்று. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு அது உதவுமா என்று காக்ரேன் அமைப்பு 2015-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடப் பிலாட்டீஸ் வலியையும் இயலாமையையும் குறைக்கிறது. பிற உடற்பயிற்சிகளைவிட அது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இதுவே அத்தொகுப்பின் முடிவு. ஆகவே நாம் ஒரு பெயருக்காக வழக்காடவில்லை. ஒருவருக்குப் பிலாட்டீஸ் ஒத்துவரும், ஒருவருக்கு நீச்சல், ஒருவருக்குச் சிலம்பம். எதுவும் செய்யாமல் இருப்பதற்கு மட்டுமே நாம் எதிரி.

இது நடைக்கு மாற்றும் ஆகாது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் விரைந்த நடை தனியே வேண்டும். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை முன்னோக்கி மடக்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். கருவுற்றோர், அண்மையில் பிரசவித்தோர், அறுவை செய்துகொண்டோர், கால் மரத்துப்போகும் முதுகுவலி உள்ளோர் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். காணொளியைப் பார்த்து முதல் நாளே வளைபவர் மறுநாள் மருத்துவமனையில் இருப்பார். மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் அறிவீனம்.

ஜமாஅத்தாரிடம் நாம் கேட்பது

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பூட்டிக் கிடக்கும் கூடத்தின் சாவியைக் கேட்கிறோம். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம். நம் குடும்பங்களிலேயே பிசியோதெரபி படித்த பெண்பிள்ளைகள் இருக்கின்றனர். படித்து முடித்துத் திருமணமாகி வீட்டில் இருக்கும் அவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து அழையுங்கள். இதற்கு ஜகாத் நிதியைத் தொட வேண்டாம், அதற்குரியோர் வேறு. ஒரு மஜ்லிஸின் பந்தல் செலவில் பாய்கள் வாங்கிவிடலாம். ஆண் முதியோருக்குப் பஜ்ருக்குப் பின் இருபது நிமிடம் ஒதுக்கலாம். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சையும் அளிக்கிறது. நடக்க இயலாதோரின் பெயரைப் பதிந்து கொடுப்பதும் ஜமாஅத்தின் பணியாகட்டும்.

குடும்பத் தலைவர்களிடமும் ஒரு சொல். மகளின் திருமணத்துக்குப் பட்டு எடுக்க நாள்கணக்கில் கடை ஏறி இறங்குகிறோம். ஜரிகை சரியா, கோர்வை சரியா என்று புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம். அந்தப் பட்டை உடுத்தப்போகும் உடலைப் பேண அவளுக்கு ஒரு நாளில் அரைமணி நேரம் தருகிறோமா?

ஆரோக்கியமும் ஓய்வும் மனிதருள் பலர் இழப்புக்குள்ளாகும் இரு அருட்கொடைகள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் பலமுறை பயானில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறோம். உடல் நமக்குச் சொந்தமன்று. தந்தவன் திரும்பக் கேட்பான். இளமையை எதில் கழித்தாய், உடலை எதில் தேய்த்தாய் என்ற கேள்விக்கு, 'பிறகு பார்க்கலாம் என்றிருந்தோம்' என்பது பதிலாகுமா?

அடுத்த ஆலோசனைக் கூட்டத்தில் இதே கோரிக்கையை மீண்டும் வைப்போம். மறுத்தால் அதற்கடுத்த கூட்டத்திலும் வைப்போம். அதுவரை, இதை வாசித்த ஒவ்வொருவரும் இன்றிரவு இஷாவுக்குப் பின் ஒரு பாயை விரித்து, வீட்டிலுள்ள மூத்தவரையும் இளையவரையும் அருகே அழைத்துப் பத்து நிமிடம் தொடங்குங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் செவிக்கும் பார்வைக்கும் உடலுக்கும் நலம் தருவாயாக. நின்று தொழ இயலாதோரின் தொழுகையை ஏற்று அவர்களுக்கு நிறைந்த கூலி தருவாயாக. நின்று தொழ இயன்றும் எங்களை நாங்களே முடமாக்கிக்கொள்ளும் சோம்பலிலிருந்து எங்களைக் காப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.